தட்டினால் விட வேண்டும்

என்னிடம் முதல் நாள் வருகிறவர்களுக்கு நான் உதை, குத்து எதுவும் சொல்லித் தருவதில்லை. தட்டத்தான் சொல்லித் தருவேன். கழுத்தையோ கையையோ இறுக்கும் பூட்டுப் பிடியில் மாட்டிக்கொண்டவர் கையால் தட்டினால், பிடித்தவர் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். தற்காப்புக் கலையில் அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

அச்சகத்துக்கு மேலே இருக்கும் மாடி அறையைப் பயிற்சிக்கூடமாக்கியது நான். பாய்களைத் தோளில் சுமந்து ஏற்றியதும் நான்தான். என் தங்கை கணவர், மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன், வேலை போய் வீட்டில் சும்மா இருந்தார். தங்கை முகத்துக்காகச் சேர்த்துக்கொண்டேன். கை சுமார், வாய் பிரமாதம்.

வந்த சூட்டிலேயே கடை விரித்துவிட்டார். குழந்தைகளுக்கு விளையாட்டோடு ஒரு வகுப்பு, பெண்களுக்குத் தனியாக ஒன்று, அலுவலகம் போகிறவர்களுக்குத் தொப்பை குறைய ஒன்று. பள்ளி விடுமுறைக்கு விடுமுறை ஒரு புது பெல்ட். ஒழுங்காக விழக்கூடத் தெரியாத பிள்ளைகள் பச்சை பெல்ட் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். பெற்றோருக்கு வாயெல்லாம் பல்.

ஒரு நாள் பிள்ளைகள் எதிரிலேயே சொன்னார்.

"மச்சான், உங்களைப் பார்த்தா சின்னப் பிள்ளைங்க பயப்படுறாங்க. இனிமே சனிக்கிழமை மட்டும் வாங்க. பாயெல்லாம் சுத்தமா இருக்கான்னு பார்த்துக்கிட்டாப் போதும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இப்போதும் எரிகிறது. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. சரிங்க மாப்பிள்ளை என்றேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பெற்றோர் வந்து பார்க்கும் நாளில், புதிதாகச் சேர்ந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தன் கழுத்தையே பூட்டுப் போடக் கொடுப்பார். கண்ணை உருட்டுவார், காலை உதறுவார், கடைசியில் தட்டுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

பேக்கரிக்காரர் அந்தச் சமயத்தில்தான் சேர்ந்தார். மாவு பிசைந்து உரமேறிய கைகள், மனசு பச்சைக் குழந்தை. மாலையில் அவருக்கு அடுப்பு வேலை. காலையில் கூடம் காலியாகத்தான் இருக்கும், வாங்க, நானே தனியாகச் சொல்லித் தருகிறேன் என்றேன். மற்றவர்கள் பழகுவதை அவர் பார்த்ததே இல்லை. கழுத்துப் பூட்டு ஒன்றைத்தான் கற்றுக்கொடுத்தேன்.

"பிடிச்சதும் அவர் தட்டுவார். தட்டினா பிடி சரியா விழுந்திருக்கு, இன்னும் இறுக்குன்னு அர்த்தம்."

"எப்ப விடணும் மாஸ்டர்?"

"நான் போதும்னு சொன்னதும்."

என் கழுத்தில்தான் பழகினார். பாதி இறுக்கும்போதே போதும் என்பேன். சட்டென்று விட்டுவிடுவார். நல்ல மாணவர்.

அடுத்த முறை பெற்றோர் பார்க்க வந்த நாளில் அவரைக் கூப்பிடும்படி மாப்பிள்ளையிடம் சொன்னதும் நான்தான். மச்சான் கோபம் தீர்ந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பூட்டு விழுந்தது. மாப்பிள்ளை கண்ணை உருட்டினார். பேக்கரிக்காரரின் கையில் தட்டினார். பாயில் தட்டினார். காலாலும் தட்டினார். கூட்டம் கைதட்டியது. பேக்கரிக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, தட்டத் தட்ட இறுக்கினார்.

முதலில் சிரிப்பை நிறுத்தியது என் தங்கை.

"அண்ணா, விடச் சொல்லுண்ணா."

பின்வரிசையிலிருந்து நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். நான் அவளைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் கை பாயில் விழுந்து கிடந்தது. அதற்குப் பிறகும் பொறுத்திருந்துதான் போதும் என்றேன். பேக்கரிக்காரர் உடனே விட்டார். சரியா பண்ணினேனா மாஸ்டர் என்று கேட்டார்.

மாஸ்டர் சொன்னபடிதான் செய்தேன் என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். தட்டினால் விட வேண்டும் என்றுதான் சொல்லித் தந்தேன், மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். அவரை உள்ளே வைத்தீர்கள். நான் வீட்டுக்குப் போய், தங்கை அழுவதைக் கேட்டுக்கொண்டே தூங்கினேன்.

இன்று அதற்காக வரவில்லை. காலையில் அச்சகத்து வாசலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முதல் பாடமே மறந்துபோச்சாம். சொல்லிக் கொடுத்த லட்சணம் அப்படி."

அதை என்னால் பொறுக்க முடியவில்லை ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். பேக்கரிக்காரர் எதையும் மறக்கவில்லை. என் தங்கை கணவரைக் கொன்றது நான். என்னைத் தூக்கில்கூடப் போடுங்கள், என் பயிற்சியை மட்டும் யாரும் குறை சொல்லக் கூடாது.