முந்நூற்றுப் பன்னிரண்டு ஸ்பெல்லிங்

– …இல்ல இத்ரீஸ், வைரஸ் இல்ல. மூணு தடவ படிச்சுப் பாத்துட்டேன்.

– உத்தமபாளையத்துல இருந்து பஸ் ஏறி வந்து இப்படிச் சொன்னா எப்படி மேடம்? நாலு நாளா கொச்சிக்கு ஒரு மெயிலு போகல. கோல்டு ஸ்டோரேஜ் உள்ள எட்டு டன் பன்னீர் திராட்ச கெடக்கு. மொதலாளி என்னைய…

– நம்ம மெயில் சர்வரோட ஐபி நம்பர பிளாக்லிஸ்ட்ல போட்டுட்டாக. இந்த நம்பர்ல இருந்து எது வந்தாலும் வாங்காதீகன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு.

– எடுக்கச் சொல்லுங்க.

– எடுப்பாக. என்ன நடந்துச்சுன்னு உண்மைய எழுதணும். இனிமே நடக்காதுன்னும் எழுதணும்.

– கரண்டு போச்சுன்னு எழுதுங்க.

– கரண்டு போனா மெயிலும்ல போகாது! போன வெள்ளி, ஜும்ஆ தொழுக முடிஞ்சு சாயங்காலத்துக்குள்ள முன்னூத்திப் பன்னெண்டு மெயிலு. இந்தா, இந்த மேசையில இருந்து.

– ஏவாரிகளுக்கு… ரேட்டு…

– எல்லாம் ஒரே பேருக்கு. ஸ்பெல்லிங்தான் வேற வேற. ஒண்ணுல 'ஈ' ரெண்டு, ஒண்ணுல 'ஐ', ஒண்ணுல 'ஒய்'. ஒண்ணு 'பி'யில ஆரம்பிக்குது.

– பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம் மேடம்…

– யாரு அது?

– கோட்டயத்துப் பார்ட்டி. பழைய ஏவாரி. அட்ரஸ் தொலஞ்சு போச்சு.

– ஏவாரிக்கா இப்படி எழுதுவீக? வாசிக்கவா?

– ஐயோ, வேணாம்…

– "மேகம் மலைய விட்டு எறங்கி நம்ம கோல்டு ஸ்டோரேஜ் வாசல் வரைக்கும் வந்து நிக்குது. உள்ள வரச் சொல்லவா?"

– …ரேட்டு எழுத மறந்துட்டேன்.

– முன்னூத்திப் பதினொண்ணு திரும்பி வந்துருச்சு.

– அப்ப ஒண்ணு?

– போய்ச் சேந்துச்சு. ஆளே இல்லாத அட்ரஸ். கண்டபடி அனுப்புறவுகளப் பிடிக்கன்னே சும்மா தொறந்து வச்சிருப்பாக. அதுலதான் மாட்டுனோம்.

– ஆளில்லாத வீடு… அந்த மெயிலு இன்னும் அங்கனதான் கெடக்குமா?

– கெடக்கும்.

– மேகமும்?

– இத்ரீஸ்! ஃபாரத்துல காரணம் என்னன்னு எழுத?

– ஸ்பெல்லிங் தெரியலன்னு எழுதுங்க. அதான் உண்ம.

– அந்த ஏவாரிகிட்டயே கேட்டிருக்கலாம்ல?

– மாசத்துல ஒருநாள் வருவாக. வந்தா சர்வரத்தான் பாப்பாக. மெயிலு போட்டாலும் கம்பெனி பொது அட்ரஸ்ல இருந்துதான், அடியில வெறும் 'எஃப்'. அதுக்கு மேல ஒரு எழுத்து கெடையாது…

– …முன்னூத்திப் பன்னெண்டுல ஒண்ணு கூட சரியில்ல.

– எப்பத் தெரிஞ்சுச்சு ஒங்களுக்கு?

– மொத வரியிலயே. மூணு தடவ படிச்சேன்னு சொன்னேன்ல… வைரஸுக்காக இல்ல.

– அப்ப, இனிமே நடக்காதுன்னு எழுதணும்னா… ஃபர்ஹீன், ஒங்க பேர இங்கிலீசுல எழுத்து எழுத்தா ஒரு தடவ சொல்றீகளா?