வெளித்தாழ்ப்பாள்

முயல் பார்க்கத்தான் சாது, ஐயா. வளர்த்தவனுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். பழகாத இரண்டு முயலை ஒரே இடத்தில் விட்டால் நாய்ச்சண்டை தோற்றுப்போகும். என்ன, சத்தம் வராது. ரோமம் பறக்கும், காது கிழியும், பின்னங்கால் நகம் வயிற்றைத் தேடி இறங்கும். எல்லாம் வாயைத் திறக்காமலே நடக்கும். தோட்டத்து அடைப்பைப் பார்த்ததும் நீங்கள், "முயலுக்கு எதுக்குய்யா ஜெயிலு?" என்று கேட்டீர்கள். அதிலிருந்தே சொல்கிறேன். மற்றதெல்லாம் அதற்குள்ளேதான் இருக்கிறது.

நான் வெல்டர். இந்த ஊரில் பாதி ஜன்னலுக்குக் கம்பி போட்டது என் கை. உள்ளே இருப்பவர்கள் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் தொழில். நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கியதும் வேலை குறைந்தது, வீட்டோடு கிடந்தேன். மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. அது வேறு கதை. அவளுக்கும் வெளித்தாழ்ப்பாள் பிடிக்கவில்லை.

வீடு ஒன்றுதான், நடுவே சுவர் வைத்து இரண்டாக்கியது. பின்னால் தோட்டம் பொது. கிரில் மாட்டப்போன ஒரு வீட்டில், வேண்டாம் என்று என் கையில் திணித்த கறுப்பு முயல் என்னிடம் இருந்தது. கரி என்று கூப்பிடுவேன். என் வீட்டில் என்னைத் தவிர மூச்சு விடுகிற ஒரே ஜீவன் அது.

அடுத்த பாதிக்கு டைலரம்மா குடிவந்தார். கணவர் இல்லை. ஒரே மகள், கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருக்கிறாள். தையல் மெஷின், வெட்டுமேசை, ஒரு கூடைக்குள் வெள்ளை முயல், இவ்வளவுதான் இறங்கிய சாமான். முயலின் பெயர் பொத்தான். வந்த அன்றே அது கூடையிலிருந்து தாவிவிட்டது. கரி ஏற்கெனவே தோட்டத்தில் இருந்தான். அந்தம்மா ஒரு பழைய பாவாடையை வீசி இரண்டையும் பிரித்தார்.

"உங்க பையன் பெரிய ரவுடியா இருப்பான் போலிருக்கே, வெல்டரே."

"உங்க பையன் மட்டும் வெத்தலபாக்கோடவா வந்தான்? மீசைய முறுக்கிக்கிட்டுதானே எறங்குனான்."

அவர் சிரித்தார். அந்தத் தோட்டத்தில் ஒருவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடைப்பை நான்தான் கட்டினேன். தோட்டத்தில் நடுவில் மட்டும்தான் புல் வரும். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் வலை, பருந்துக்கும் பூனைக்கும் பயந்து மேலேயும் வலை. ஒற்றை வலை போதாது. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று நின்று ஓட்டை வழியாகவே மூக்கைக் கடித்துக்கொள்ளும். அதனால் இடையில் ஒரு சாண் விட்டு இரட்டை வலை. கதவிலும் அப்படியே. ஒரு முயல் அடைப்புக்குள் மேயும்போது மற்றது வெளியே தோட்டத்தில் சுற்றும். காலை அவர் முறை, சாயங்காலம் என் முறை. பொத்தான் தனியாக விட்டால் மேயாது, பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும். கரியும் அப்படித்தான் என்று நான் சொன்னேன்.

தாழ்ப்பாள் வெளியே மட்டும். "உள்ளயும் ஒண்ணு வச்சிடுங்களேன்" என்று அந்தம்மா கேட்கத்தான் செய்தார். உள்ளே இருப்பவர் நினைத்தபோது திறந்தால், வெளியே இருக்கும் முயல் காலடியில் நிற்கும், வம்பு அங்கேதான் தொடங்கும், வெளியே இருக்கிறவர் தன் முயலைப் பிடித்து வைத்துவிட்டுத் திறப்பதுதான் முறை என்றேன். "கூப்பிட்டா நான் வரப்போறேன்."

"அதுவும் சரிதான். நீங்க எங்க ஓடிடப்போறீங்க" என்றார்.

உள்தாழ்ப்பாளுக்கு ஒரு துண்டுக் கம்பி போதும், ஐயா. அந்தத் துண்டு அப்போது என் கையிலேயே இருந்தது.

நான் கல்குவாரியில் வளர்ந்தவன். அம்மா குழிக்குள் ஜல்லி உடைப்பாள். மேலே மரத்தில் என் இடுப்பைக் கயிற்றால் கட்டியிருப்பாள். அடிக்கடி கீழேயிருந்து கூப்பிடுவாள், நான் பதில் குரல் கொடுக்க வேண்டும். விழுந்துவிடவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. கூப்பிட ஆள் இருந்தால்தான் நாம் இருக்கிறோம் என்பது எனக்கு அப்போது ஏறிய புத்தி. பிறகு கூப்பிட்டவர்கள் எல்லாம் வேலைக்காகக் கூப்பிட்டவர்கள்.

டைலரம்மா தினமும் கூப்பிட்டார். "வெல்டரே, கதவு." இரண்டே வார்த்தை. நான் கரியைத் தூக்கிக் கூண்டில் விட்டுவிட்டுப் போய்த் திறப்பேன். சாயங்காலம் அவர் என்னை உள்ளே விட்டுத் தாழிட்டுவிட்டுத் தைக்கப் போவார். மெஷின் ஓடுகிற சத்தம் தோட்டம் வரை கேட்கும். போதும் என்று தோன்றும்போது "டைலரம்மா" என்பேன். மெஷின் நிற்கும். அந்த நிற்கிற சத்தம் இருக்கிறதே, எனக்காக ஒருத்தர் எழுந்துவிட்டார் என்று அர்த்தம். ஒருமுறை கடைக்குப் போனவர் என்னை மறந்தே போனார். மழை வேறு. திரும்பி ஓடிவந்து, "ஐயோ பாவம், முயலுக்காவது மேல ரோமம் இருக்கு" என்று துண்டு கொடுத்தார். எனக்குக் கோபமே வரவில்லை. மறப்பது மனிதர்களுக்கு வருவதுதான். இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

அவருக்கு வீசிங் இருந்தது. துணித்தூசியில் வந்த வியாதி. வைக்கோல் தூசியும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வைக்கோல் வேலை முழுக்க என்னுடையது. உதறி, தண்ணீர் தெளித்து, அடங்கிய பிறகுதான் அடைப்புக்குள் போடுவேன். மடியில் வைத்திருந்த இன்ஹேலரைப் பொத்தான் கடித்துவிட்டதால், அடைப்புக்கு வெளியே தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி பற்றவைத்துக் கொடுத்தேன். அதற்கென்று ஒரு பூப்போட்ட பை தைத்து அதில் மாட்டி வைப்பார். நானும் பக்கத்தில் இருக்கிறேன், மருந்தும் பக்கத்தில் இருக்கிறது. குறை ஒன்றுமில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு மகள் முழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்தது. அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்றாள். அங்கே மாடி வீடு, மிருகம் கூடாது. பொத்தானை யாரிடம் விடுவது என்று அந்தம்மாவுக்குக் கவலை. கவலை இருந்தவரை எனக்கு நிம்மதி. ஒருநாள் வழி கண்டுபிடித்துவிட்டார்.

"ரெண்டையும் பழக்கிட்டா என்ன, வெல்டரே? ரெண்டும் இங்கயே ஒண்ணா கெடக்கும். உங்களுக்கும் ஒண்ணுக்கு ரெண்டா தொணை."

எனக்குத் துணை வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முயல் போதும் என்று நினைத்திருக்கிறார்.

மாட்டு டாக்டர் இரண்டுக்கும் காயடித்துவிட்டுச் சொன்னார்: இது படுக்கிற சாக்கை அதற்கும் அது படுக்கிற சாக்கை இதற்கும் மாற்றிப் போடு, வாசனை பழகட்டும், பிறகு இரண்டும் அறியாத ஓர் இடத்தில் சேர்த்து விடு. சாக்கு மாற்றும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். சோப்புப் போட்டு அலசிக் காயவைத்து மாற்றினேன். இதன் வாசனை அங்கே போகவில்லை, அதன் வாசனை இங்கே வரவில்லை. ஆனாலும் பாருங்கள், ஒருநாள் காலையில் வலைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றும் ஒரே மாதிரி காலை நீட்டிப் படுத்திருந்தன. வெயிலுக்காக இருக்கும்.

சேர்த்து விடும் நாளில், முயல் விற்கிற கடைக்குப் போய் அங்கே ஒரு கடுவன் முயல் மூத்திரம் பெய்த வைக்கோலைக் கேட்டு வாங்கி வந்தேன். அதைக் கையில் தேய்த்துக்கொண்டு பொத்தானைத் தடவிக் கொடுத்தேன். தடவிக் கொடுப்பதில் தப்பில்லையே. அவருடைய வெட்டுமேசைக்கு அடியில் இரண்டையும் விட்டோம். கரி பாய்ந்த வேகத்தில் பொத்தானின் இடது காது கிழிந்தது.

"இதுக்கு ஓவர்லாக்தான் போடணும்" என்று சிரிக்கப் பார்த்தார் அந்தம்மா. கண் கலங்கியிருந்தது. "ஆடு பகை, குட்டி உறவான்னு சொல்வாங்க. இங்க நாம உறவா இருக்கோம், இதுங்க பகையா இருக்குதுங்க."

நாம் உறவு என்று அவர் வாயால் சொன்னது அந்த ஒருமுறைதான். பயணம் மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, வைக்கோலுக்குத் தண்ணீர் தெளிக்க மறந்துவிட்டேன். அது நிஜமாகவே மறதி. அவர் அடைப்புக்குள் போய் உட்கார்ந்ததும் காற்றடித்தது, இழுப்பு வந்துவிட்டது. முதல் குரலிலேயே ஓடினேன். தாழ்ப்பாளைத் திறந்து, மருந்தைக் கொடுத்து, கைத்தாங்கலாக வீட்டுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தேன். டாக்டர் பயணமே கூடாது என்றுவிட்டார். அந்த ஒரு வாரமும் வெந்நீர் போட்டுக் கொடுத்தது நான், ரவிக்கை வாங்க வந்தவர்களுக்குப் பதில் சொன்னது நான். மகள் போனில், "நீங்க இல்லன்னா அம்மா கதி என்ன ஆகியிருக்கும்" என்றாள். நல்ல வாரம், ஐயா அது. என் ஆயுசில் அப்படி இன்னொன்று இல்லை.

அவர் தேறினார். தேறியதும் முடிவாகச் சொல்லிவிட்டார். நாளைக்கு மகள் கார் அனுப்புகிறாள். பொத்தான் என்னிடமே இருக்கட்டும். பழகாவிட்டால் போகிறது, காலி வீட்டுப் பக்கம் ஒன்று, என் பக்கம் ஒன்று. அடைப்பும் வேண்டாம், முறையும் வேண்டாம்.

"இனிமே நீங்களும் அதுக்குள்ள போய் அடைஞ்சு கெடக்க வேணாம் பாருங்க" என்று ஒரு சட்டையை நீட்டினார். அளவே எடுக்காமல் தைத்தது. கண்ணாலேயே எடுத்திருக்கிறார். இப்போது நான் போட்டிருப்பது அதுதான். தோளைப் பாருங்கள், நூல் பிசகவில்லை.

மறுநாள் காலை கடைசி முறையாகப் பொத்தானை மேயவிட வந்தார். அதற்கு முன்பே நான் வைக்கோல் கட்டின் அடியில் கிடந்த தூசி படிந்த பழசை அடைப்புக்குள் தாராளமாகப் பரப்பியிருந்தேன். உதறவில்லை, தண்ணீர் தெளிக்கவில்லை. இந்த முறை மறதி இல்லை. அவர் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். நான் தாழிட்டேன். பொத்தான் குதித்துக் குதித்து வைக்கோலைக் கிளறியது.

என் கணக்கு சின்னக் கணக்கு. போன தடவை முதல் குரலுக்கே ஓடிவிட்டேன், ஒரு வாரம்தான் கிடைத்தது. கொஞ்சம் பொறுத்துப் போனால் ஒரு மாதம் கிடைக்கும். அதற்குள் மகளுக்குப் பிரசவமே ஆகிவிடும், வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

"வெல்டரே, கதவு" என்றார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இருமினார். திரும்பவும் கூப்பிட்டார். பிறகு "கதவு" போய்விட்டது, "வெல்டரே" மட்டும் வந்தது. வலையை ஆட்டுகிற சத்தம் கேட்டது. கொக்கிக்குக் கை நீட்டியிருக்கிறார். உள்வலைக்குள் விரல் போகும், வெளிவலை ஒரு சாண் தள்ளி இருக்கிறது, எட்டாது. எட்டக் கூடாது என்றுதானே கட்டினேன், முயலுக்காக. உள்வலையில் ஒரு வளைவு இருக்கிறது, என்ன என்று கேட்டீர்களே, அதுதான்.

அப்புறம் "அண்ணே" என்றார்.

என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குத் தங்கச்சி இல்லை. "அண்ணே, அண்ணே" என்று மூச்சுக்கு ஒருதரம். மூச்சே அதுவாகத்தான் இருந்தது.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. கதவைத் திறந்தால் கூப்பிடுவது நின்றுவிடும். அதைத்தான் நினைத்தேன். வாசலில் கார் நிற்கும், பெட்டி ஏறும், அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு குரலும் வராது. இன்னும் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். சத்தம் நின்றதும் போனேன். போய் முதலில் கரியைப் பிடித்துக் கூண்டில் விட்டேன், பிறகுதான் திறந்தேன். முறையில் நான் பிசகவில்லை. இன்ஹேலரை வாயில் வைத்தேன். உறிஞ்ச ஆள் இல்லை. வைக்கோல் போட்டது நான், தாழிட்டது நான், கேட்டுக்கொண்டு நின்றது நான். மகளிடம், அம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை என்றேன். அது ஒன்றுதான் பொய். ஒவ்வொன்றும் கேட்டது.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு விஷயம். இரண்டு முயலையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு ஸ்டேஷன் பின்னறையில் வைத்திருக்கிறீர்களாம். வாசலில் நிற்கும் காவலர் சொன்னார். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து படுத்திருக்கின்றனவாம், அந்தக் கிழிந்த காதைக் கரி நக்கிக் கொடுக்கிறானாம். "சாப்பாடு வச்சாகூட சேர்ந்துதான்யா திங்குது" என்று சிரிக்கிறார். நம்பாதீர்கள், ஐயா. அதுகள் சேராது. நான் கூடவே இருந்து பார்த்தவன். இன்றைக்கே பிரித்து வைத்துவிடுங்கள். இடையில் ஒரு சாண் விட்டு இரட்டை வலை போடுங்கள், தாழ்ப்பாள் வெளியே மட்டும் இருக்கட்டும். எப்படி என்று தெரியாவிட்டால் ஒரு குரல் கொடுங்கள். நான் இங்கேதான் இருப்பேன். கூப்பிட்டால் வந்துவிடுவேன்.