ஆத்திரத்துக்கு உரிமம் தராத மெஹபூப் அலி அவர்களுக்கு

மயிலையின் மாண்பே! மென்மையான மொழியும் மலையனைய மனவுறுதியும் ஒருங்கே வாய்த்த மேலோரே! கைத்துப்பாக்கி உரிமப் பிரிவைக் கட்டிக் காத்தும், தீபாவளி வெடிக்கு இன்றளவும் காதைப் பொத்திக்கொள்ளும், இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் கண்காணிப்பாளர் மெஹபூப் அலி அவர்களே! வணக்கம்.

"உரிமம்னா வீட்டுக் கதவு மாதிரி, திறக்கவும் தெரியணும், சாத்தவும் தெரியணும்" என்பது தங்கள் வாய்மொழி. போலீஸ் விசாரணையில் குறையேதும் இல்லாவிடினும், விண்ணப்பித்தவர் வீட்டுக்கே சென்று, அங்குள்ள பெண்களிடம் "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்ட பிறகே பரிந்துரை எழுதுவீர்கள். "சார் பொண்ணு பாக்கப் போய்க்கினு கீறாரு" என்று நாங்கள் கேலி பேசியதுண்டு.

எழுபத்தொன்றில் தியாகராய நகர் நகைக்கடை வெள்ளைத்துரை கைத்துப்பாக்கி கேட்டு விண்ணப்பித்தார். கடையில் திருட்டு நடந்திருந்தது. கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் அவர் துணைவியார் சண்முகவடிவு அம்மையார், சமையலறை வாசலில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவுகளுக்குக் கோவம் வந்தா கையில கெடச்சத எறிஞ்சிருவாக. பொறவு உக்காந்து அழுவாக. அது வேண்டாம்யா. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீய."

தாங்கள் சொல்லவில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. வெள்ளைத்துரை மேலிடத்தில் முறையிட, தங்களை வெளியூருக்குத் தூக்கியடிக்கப் பேச்சு நடந்தது. "யார் பேச்சைக் கேட்டு மறுத்தீர்?" என்று மேலதிகாரி அதட்டியபோதும், "என் முடிவுதான், ஐயா" என்றீர்களே தவிர வேறு பேசவில்லை.

மாற்றல் ஆணை வருமுன்னே அவர் வீட்டில் வந்தது பாகப்பிரிவினைச் சண்டை. வெள்ளைத்துரை எறிந்த எடைக்கல் தம்பி அய்யாதுரையின் தோள்பட்டையை முறித்தது. மறுநாள் காலை அண்ணன்காரர் தங்கள் மேசைமுன் வந்து, "கையில அது இருந்திருந்தா இந்நேரம் என் தம்பி இல்லய்யா" என்று குழந்தைபோல் அழுதார். முறையீட்டையும் அவரே திரும்பப் பெற்றார். அன்றுமுதல் வீட்டாரைக் கேட்பது நம் பிரிவின் நடைமுறையாயிற்று.

அன்று தாங்கள் காத்த வாக்கை இன்று நாங்கள் உடைக்கவில்லை, ஐயா! "இப்பவாவது ஊரறியச் சொல்லுங்க" என்று சண்முகவடிவு அம்மையாரே நடந்ததையெல்லாம் எங்களுக்குச் சொல்லியனுப்பினார்.

தங்கள் துணைவியார் நஸ்ருன்னிசா அம்மையாரும் தாங்களும் நோய்நொடியின்றி, பேரப்பிள்ளைகளின் வெடிச்சத்தம் ஒன்றுக்கே அஞ்சி, நெடுங்காலம் நிறைவுற வாழ்க! தங்களைப் பிரிவது எங்களுக்குத் தாளவில்லை.

இங்ஙனம்,
உரிமப் பிரிவு ஊழியர்கள்
சென்னை, 1976

தானும் ஒப்பமிட வேண்டுமென்று ஆழ்வார்பேட்டையிலிருந்து அண்ணனோடு வந்து கேட்டுக்கொண்டவர்:
அய்யாதுரை