படக்கதைகளுக்குத் தரம் சொன்ன சுவக்கீன்

மேடையில் வீற்றிருக்கும் பங்குத் தந்தை அவர்களே, வாசகசாலைத் தலைவர் செபாஸ்டின் அவர்களே, கணவர் சுவக்கீனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சந்தனமேரி, வேலை முடிந்த கையோடு மழையில் நனைந்து வந்திருக்கும் வண்டன்மேட்டு மக்களே, உங்கள் எல்லாருக்கும் மதலேனம்மாளின் வணக்கம்.

இந்த வாசகசாலையின் புத்தகங்கள் பதினோரு வருடமாக என் பொறுப்பில் இருக்கின்றன. அந்தப் பதினோரு வருடமும் வாசல் பலகையில் படக்கதை விமர்சனம் எழுதி ஒட்டியவர் நம் சுவக்கீன். பகலெல்லாம் ஸ்டோரில் ஏலக்காயைத் தரம் பிரிப்பார். மாதக் கடைசியில் படக்கதைகளைத் தரம் பிரிப்பார். முதல் தரம், நடுத்தரம், உள்ளே விதையில்லாத காய்க்குச் சொல்கிற பொக்கு. அவர் பொக்கு என்று எழுதிய புத்தகத்தை நீங்கள் யாராவது தொட்டதுண்டா?

எப்படிப் படித்தார் என்று தெரியுமா? முதலில் எழுத்தையெல்லாம் அட்டைத் துண்டால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் பார்ப்பார். பிறகு எழுத்தோடு சேர்த்து இன்னொரு முறை. "வெறும் படத்தப் பாத்து முடிவு பண்ணக்கூடாது டீச்சர். அதுக்குத்தான் ரெண்டு வாட்டி" என்பார்.

எனக்குப் படக்கதை பிடிக்காது. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். பேயும் துப்பாக்கியும் வாசகசாலைக்கு எதற்கு என்று கேட்டேன். "பேய்ப் படம் பாத்தா புள்ளைக கெட்டுப்போகும்னா, கோயில் சுவத்துல நரகத்துப் படம் தொங்குதே, அத யாரு டீச்சர் கழட்டுறது?" என்றார். ஃபாதர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இன்று புகழ்ந்துவிட்டு மட்டும் நான் உட்கார்ந்தால் அது பாதிப் பேச்சு. சுவக்கீன் பெயரில் ஒரு கறை இருக்கிறது. அதை வைத்தவள் நான்.

எழுபத்து மூன்றில், கடலுக்கடியில் கோட்டை தேடிப் போகும் கதை ஒன்று வந்தது. ஒரு தாளில், ஈரச் சேலையோடு கிடந்த பெண்ணின் வாயில் ஒருவன் வாய் வைத்திருந்தான். எழுத்தை நான் படிக்கவில்லை. அந்தத் தாளை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புத்தகத்தை அலமாரியில் வைத்தேன். பக்க எண் அச்சிடாத புத்தகம். சுவக்கீனுக்கு எப்படித் தெரியும்? "மூழ்கிச் செத்தவள் அடுத்த பக்கத்தில் எப்படி நடந்து வருகிறாள்? பொக்கு" என்று எழுதினார்.

செபாஸ்டின் கம்பம் டவுனில் முழுப் புத்தகத்தை வாங்கி வந்தார். "அண்ணே, படிச்சுத்தான் எழுதுறீகளா, அட்டையப் பாத்து எழுதுறீகளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். தலைவரே, உங்கள் மேல் குற்றமில்லை. உங்கள் கையில் இருந்தது முழுப் புத்தகம்.

மறுநாள் சுவக்கீன் இரண்டு பிரதிகளையும் என் மேசையில் விரித்து வைத்தார். அந்தப் பெண்ணுக்கு அவன் மூச்சு ஊதுகிறான், அவள் பிழைத்துக்கொள்கிறாள்.

"இம்புட்டு நேரா வெட்ட இந்த ஊர்ல ஒரு ஆளுதான் டீச்சர் இருக்கு."

நான் மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலை இழுப்பறைக்குள் போட்டேன்.

"சரி, விடுங்க. இங்க புஸ்தகத்த வெட்டுவாகன்னு தெரிஞ்சா ஒருத்தனும் உள்ள வர மாட்டான்."

அந்த மாதப் பலகையில், "பக்கங்களைச் சரிபாராமல் எழுதிவிட்டேன். பொறுத்தருளுங்கள்" என்று தம் பெயரைப் போட்டு ஒட்டினார். நான்கு வருடம், "என்ன சுவக்கீன், பக்கம் எண்ணியாச்சா?" என்று கேட்டீர்கள். அவர் சிரித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் நான் அங்கேதான் இருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதாதா? போதும். மனம்தான் வரவில்லை. போன மாதம் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. இனி யாரிடம் மன்னிப்புக் கேட்பேன்?

அந்தப் பலகை வெறுமையாகக் கிடக்காது. இந்த மாதத்திலிருந்து நான் எழுதுகிறேன். அவர் படித்தது போலவே இரண்டு முறை படிப்பேன். இனி ஒரு தாளையும் வெட்ட மாட்டேன். முதலில் ஒட்டப்போவது கடல் கோட்டைக் கதையின் விமர்சனம். தாளை வெட்டியது யார் என்பதுதான் அதன் முதல் வரி. கீழே என் முழுப் பெயர் இருக்கிறது.

சந்தனமேரி, இதோ அந்தக் காகிதம். ஒட்டுவதற்கு முன் நீ படித்துப் பார். போதாது என்றால் சொல், திரும்ப எழுதிக்கொண்டு வருகிறேன்.