கரண்டிச் சத்தம்

பஸ்ஸில் அடுத்தவர் பேச்சைக் கேட்டு என் நிறுத்தத்தைக் கோட்டைவிடுவது எனக்குப் புதிதல்ல. இந்த முறை, இறங்குவதற்காக எழுந்து நின்ற பிறகும் கோட்டைவிட்டேன்.

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை போகும் பஸ். முன் சீட்டில் ஒரு தம்பதி. மனைவியின் மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை, பால் பாட்டிலைத் தள்ளிவிட்டு அழுதுகொண்டிருந்தது.

"பவுடர் டப்பாவ எங்கீங்க?"

"காலி டப்பா எதுக்குன்னு ஊட்லயே உட்டுட்டு வந்துட்டேன்."

"காலியா இருந்தா என்னங்க? உள்ள கரண்டி ஆடுற சத்தங் கேட்டாத்தான, பவுடர் பாலுன்னு நம்பி இவ பசும்பாலக் குடிக்கறா? பத்து நாளா ஏமாத்திப் பழக்குனது. இன்னைக்கு உட்டா மறுபடியும் பவுடருக்கே வந்து நிப்பா."

கணவர் சுற்றுமுற்றும் பார்த்தார். டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டரிடம் கண் நின்றது.

"ஏனுங்கண்ணா, அந்தப் பையக் கொஞ்சம் ஆட்டுங்க."

"எதுக்குங்க?"

"சில்லறைச் சத்தங் கேட்டா எம்பொண்ணு பால் குடிப்பா."

"இந்த வயசுலயேவா?" என்றபடி கண்டக்டர் பையைக் குலுக்கினார். குழந்தை அழுகையை நிறுத்தியது. பையைப் பார்த்தது. வாயைத் திறந்தது.

"நிறுத்தாதீங்கண்ணா, பாதிதான் போயிருக்குது."

கண்டக்டர் இரண்டு கையாலும் குலுக்க ஆரம்பித்தார். விசில் அவர் மார்பில் சும்மா தொங்கியது. அந்த நேரம் பார்த்து என் நிறுத்தம் வந்தது. எழுந்தேன்.

"அண்ணா, நான் எறங்கணும், விசில் குடுங்க."

"பாப்பா குடிச்சு முடிக்கட்டும், உக்காருங்க."