காலி டேங்க்

வாலாஜாபாத் பஸ் காஞ்சிபுரத்தை விட்டுக் கிளம்பியதும், முன்சீட்டில் இருந்த இளைஞன் பக்கத்திலிருந்த தன் அக்காவிடம் சொன்னான்: “கடலப் பாத்து பயமில்லக்கா. காலி டேங்கப் பாத்தாதான் பயம்.”

எண்ணெய்க் கப்பலில் வேலை செய்பவன், லீவு முடிந்து திரும்புகிறான் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“காலியா இருக்கறதுல என்னடா பயம்?”

“எண்ணெய எறக்குனப்புறம் உள்ள எறங்கி கழுவணும். என் ரூம்மேட் அடியில இருந்த சேற கிளறுனான், விஷவாயு கெளம்பிடுச்சு. கால் துவண்டு உக்காந்துட்டான். நான் மேல வாசல்ல காவலுக்கு நின்னுக்கினு இருந்தேன்.”

“எறங்கி தூக்கலயா?”

“மாஸ்க் இல்லாம எறங்குனா நானும் செத்துருவேன். ட்ரெய்னிங்ல அதத்தான் திரும்பத் திரும்ப சொல்லுவாங்க. அலாரம் அடிச்சிட்டு நின்னேன். என் பேரச் சொல்லி கூப்டுக்கினே இருந்தான்க்கா.”

“ஐயோ. பொழச்சானா?”

“மாஸ்க் போட்டவங்க வந்து தூக்கிட்டாங்க, பொழச்சிட்டான். ஆனா அதுலேர்ந்து எங்கிட்ட பேசறதே இல்ல.”

“சரி, உசுரோட இருக்கான்ல. அப்புறம் என்ன?”

“இந்த தடவயும் ஒரே கப்பல்தான். டேங்குல எறங்கப் போறது நான். வாசல்ல நிக்கப் போறது அவன்.”

அக்கா அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.