வேறு யாருக்கோ வந்த அம்மை

ஒரகடத்தில் காலை ஷிஃப்ட் முடிந்து வாலாஜாபாத் போகும் கம்பெனி பஸ். என் முன் சீட்டில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவரும் தெற்கத்தி இளைஞன் ஒருவனும்.

"எனக்கு அம்மை போட்டதே இல்லண்ணே. ஆனா என் ரத்தத்துக்குப் போட்டிருக்கு" என்றான் இளைஞன். நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"இன்னாடா உளர்ற?"

"என் உடம்புல பொறந்ததுலேருந்தே நோய் எதிர்ப்பு ஊறாதுண்ணே. அம்மா வழியில வந்தது. ரெண்டு மாமாவும் கைப்புள்ளையிலயே போயிட்டாவ. எனக்கு மாசாமாசம் டிரிப்ஸ் ஏத்துவாவ. ஆயிரக்கணக்கான பேரு ரத்தத்துலேருந்து பிரிச்சு எடுத்த எதிர்ப்புச் சத்து. அதனால டெஸ்ட்ல, அம்மை வந்துட்டுப் போன ரத்தம்னு காட்டுது."

"அப்போ ஆத்தா யாராண்ட வந்தா?"

"யாருக்குத் தெரியும்ணே? முகம் தெரியாத ஆளுவ. அவியதான் உள்ள காவல்."

"அப்புறம் இன்னா? ரூம்ல உன் கூட்டாளிக்கு அம்மைன்னு வாசல்ல வேப்பிலை சொருகிகீது. நீ பயப்படாத போ."

இளைஞன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏத்துனது நாளாக நாளாகக் கரைஞ்சிரும்ணே. அடுத்தது ஏத்துற நாள் நெருங்கையில, அவிய ஒவ்வொருத்தரா எறங்கிப் போற மாதிரி இருக்கும்."

"அடுத்தது எப்போ?"

"நாளைக்கழிச்சு."

பெரியவர் "ரூமுக்குப் போவாத. எங்க வூட்டுக்கு வா" என்றார்.

"வாரேண்ணே," என்றான் அவன். "ஆனா இப்ப அவிய யாரும் இல்லாம நான் மட்டுந்தான் வருவேன்."